காப்பாளர் எண்

எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் ஒருவர்கூட கோகிலாமணியிடம் இதுவரை உண்மை சொன்னதில்லை. "நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சுங்க, திடீர்னு நின்னுபோச்சு" என்பார்கள். திடீரென்று எந்த மோட்டாரும் நின்றதில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓட்டியிருப்பார்கள். மூன்று ஃபேஸில் ஒன்று வராத நாளில் அவசரத்துக்குப் போட்டிருப்பார்கள். உறுமுகிறது என்று தெரிந்தும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சொல்வது எதையும் கோகிலாமணி காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். மூடியைக் கழற்றி, கருகிய வார்னிஷை மோந்து பார்ப்பாள். எந்தக் கம்பிச்சுருள் கருகியிருக்கிறது, எது பளபளவென்று இருக்கிறது என்று பார்த்தால் நடந்தது தெரிந்துவிடும். கோயம்புத்தூர் கணபதியில் இருபத்தாறு வருஷமாக, எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்க அவள் நடத்தும் ரீவைண்டிங் பட்டறையில் அதுதான் சட்டம். மோட்டாரைக் கேட்கவேண்டும், கொண்டுவந்தவனைக் கேட்கக்கூடாது.

இவ்வளவு விவரம் தெரிந்தவள் தன் உடம்பு விஷயத்தில் கோட்டை விட்டாள்.

இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் கட்டியின் இனம் பொல்லாதது, கண்ணுக்குத் தெரியாமல் நாலு செல் எங்காவது ஒளிந்திருக்கலாம், அதனால் கீமோ வேண்டும் என்றார் டாக்டர் ஷர்மிளா பானு. முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற டாக்டர். அதனாலேயே கோகிலாமணிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் முடிவெடுப்பது டாக்டர் இல்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் திரைதான் முடிவெடுத்தது. அதன் பெயர் தோழி.

பெண்களுக்காக எதைச் செய்தாலும் தோழி, சகி, தாய் என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மீதிப் பாதியை அவர்கள் செய்வதே இல்லை.

"உங்க ரத்தம், ஸ்கேன், கட்டியோட ஜீன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, அச்சு அசல் உங்களை மாதிரியே ஆயிரம் நிழல் ஆளுங்களைத் தோழி உண்டாக்கிரும்" என்றார் டாக்டர். "உங்களுக்கு மருந்து போடறதுக்கு முன்னாடியே அந்த ஆயிரம் பேருக்கும் போட்டுப் பார்த்து, பத்து வருஷம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துரும்."

"ஆயிரம் கோகிலாமணியா? தெய்வமே" என்று சிரித்தார் கணவர் சம்பத்குமார். "ஒண்ணையே சமாளிக்க முடியலீங்க டாக்டர்."

யாரும் சிரிக்கவில்லை. சம்பத்குமார் அதைப் பொருட்படுத்துகிறவரும் இல்லை. பட்டறையில் கை வேலை அவளுடையது, வாய் வேலை அவருடையது. லோடு ஆட்டோவில் மோட்டார் ஏற்றி வருவது, கொண்டுபோய்க் கொடுப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, போன் எடுப்பது எல்லாம் அவர்தான். ஆஸ்பத்திரிப் பதிவுப் படிவத்தைக்கூட அவர்தான் நிரப்பினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போட்டாலும் மருந்து அதேதாம்மா, அளவும் அதேதான்" என்று தொடர்ந்தார் டாக்டர். "எட்டு டோஸ், முதல் நாலுக்கு ஒரு மருந்து, அடுத்த நாலுக்கு வேற மருந்து. எத்தனை நாளைக்கு ஒரு தடவை போடறதுங்கறதுலதான் வித்தியாசம். இருபத்தோரு நாளைக்கு ஒண்ணு, அது பழைய வழி. பதினாலு நாள், அது அப்புறமா வந்தது. இப்ப தோழி சொல்றது பத்து நாள்."

"ஆற விட வேண்டாமுங்களா?" என்று கேட்டாள் கோகிலாமணி. "மோட்டாரையே நிறுத்தி நிறுத்திப் போட்டா சூடு தாங்காதுங்க. நடுவுல ஆறோணும்."

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "சரியாக் கேட்டீங்க. ஆனா நீங்க ஆறும்போது, ஒளிஞ்சிட்டிருக்கற கேன்சர் செல்லும் ஆறும். மூணு வாரம் விட்டா அதுவும் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சிரும். இடைவெளியைக் குறைச்சா அதுக்கு மூச்சு விட நேரமில்லை. உங்களால தாங்க முடியணும், அதால தாங்க முடியக்கூடாது. அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கறதுதான் தோழியோட வேலை."

திரையில் மூன்று வரிசை வந்தது. நோய் திரும்பி வருகிற நிழல்கள்: இருபத்தோரு நாள் என்றால் நூற்றுக்குப் பதினாலு, பதினாலு நாள் என்றால் பதினொன்று, பத்து நாள் என்றால் பத்து. கைகால் நரம்பு கெட்டு விரல் மரத்துப்போகிற நிழல்கள்: ஆறு, ஆறு, ஏழு.

கோகிலாமணி கடைசி வரியைத்தான் பார்த்தாள். பட்டறையில் எல்லோரும் கம்பியின் கனம் பார்க்கத் தகடு வைத்திருப்பார்கள். அவளுக்குத் தகடு வேண்டாம். செப்புக் கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு உருட்டு உருட்டினால் இருபது கேஜா இருபத்திரண்டா என்று சொல்லிவிடுவாள். அந்த விரல்தான் அவள் சோறு, அவள் பெயர், அவள் திமிர் எல்லாம்.

"விரலுக்கு ஏழுதானுங்களா?"

"ஏழுதான். நாற்பதாயிரம் பேரோட அனுபவத்துல இருந்து வந்த எண் அது."

"இவளுக்கென்னங் டாக்டர், இரும்பாட்டம்" என்றார் சம்பத்குமார். "காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தவளில்லீங்க."

அவள் படுத்திருக்கிறாள். அவர் அப்போது பொள்ளாச்சிக்கு லோடு கொண்டு போயிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தவள், இங்கே எதற்கு என்று விட்டுவிட்டாள். இந்த ஏழு என்கிற எண்ணை யார் சொன்னது என்றும் அவள் கேட்டிருக்கவேண்டும். மோட்டாராக இருந்திருந்தால் கேட்டிருப்பாள். திரையில் பச்சை எழுத்தில் ஒளிர்கிற எண்ணுக்கு முன்னால் பட்டறைப் புத்தி வேலை செய்யவில்லை. தலையாட்டிவிட்டு வந்தாள்.

முதல் நாலு டோஸில் முடி போயிற்று, நாக்கு செத்துப்போயிற்று. அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். ஐந்தாவது டோஸில் மருந்து மாறியது. ஆறாவது முடிந்த வாரம், பட்டறையில் கம்பியை எடுத்து உருட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் யாரோ கையுறை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. வேறொரு கம்பியை எடுத்தாள். அதுவும் அதேதான். சம்பத்குமார் வெளியே யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். கோகிலாமணி கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மார்பை அறுத்தபோதுகூட அவளுக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்காக டே கேர் வார்டுக்குப் போனாள். எட்டு நாற்காலியிலும் பெண்கள் மருந்து ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரும் நைட்டி போட்டு, மேலே துண்டு போர்த்தியிருந்தார்கள். வசதிக்காக அப்படி வருகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இன்றைக்கு அவளும் நைட்டியில்தான் வந்திருந்தாள். காரணம், காலையில் ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை.

"ஜெகதா, நீங்க எதுக்கு நைட்டில வர்றீங்?" என்று மூன்றாம் நாற்காலிக்காரியைக் கேட்டாள்.

ஜெகதா பீளமேட்டில் பள்ளிக்கூட டீச்சர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கொக்கி மாட்ட வரலீங்கக்கா" என்றாள். "சாக்பீஸும் நிக்கறதில்ல. கீழ விழுந்தாத்தான் விழுந்துச்சுன்னே தெரியுது."

கோகிலாமணி ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் கேட்டாள். எட்டில் ஐந்து பேருக்கு விரலில் உணர்வு இல்லை. நூற்றுக்கு ஏழு என்றால் எட்டுக்கு ஒன்றுகூட வரக்கூடாது. ஊரில் உள்ள ஏழு பேரும் இந்த ஒரே வார்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்களா என்ன?

"ஏனுங் சிஸ்டர், இதையெல்லாம் யாரும் கேக்கறதில்லீங்களா?"

ஸ்டெல்லா சிஸ்டர் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். "கேக்காம என்னக்கா? ஒவ்வொரு டோஸுக்கும் மூணாம் நாள் சாயங்காலம் தோழியே போன் பண்ணிக் கேக்கும். நீங்க சொல்றதைத்தான் பதிஞ்சுக்கும்."

"எனக்கு ஒரு நாளும் வந்ததில்லீங்களே."

"எனக்கும்தான்" என்றாள் ஜெகதா.

மற்ற நாற்காலிகளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

அன்று மதியமே சம்பத்குமாரை இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். டாக்டர் திரையைப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது.

"ஆறு தடவையும் பேசியிருக்கீங்களேம்மா. மரத்துப்போதல் இல்லை, வலி இல்லை, தூக்கம் நல்லா இருக்கு, வீட்டு வேலை வழக்கம்போல. ஆறு தடவையும் பூஜ்யம். தோழி உங்களை ரொம்ப நல்லாத் தாங்கறவங்க வரிசையில போட்டிருக்கு."

"நானா? யாருகிட்டங்க?"

சம்பத்குமார் தொண்டையைச் செருமினார்.

"அட, அதுங்களா. பொம்பளப் புள்ள குரல்ல ஒரு போன் வருமுங்க. கோகிலாமணி எப்படி இருக்காங்கன்னு கேக்கும். நல்லா இருக்காங்கன்னு சொல்வேன். சாப்பிட்டாங்களான்னு கேக்கும். சாப்பிட்டாங்கன்னு சொல்வேன். நல்ல மரியாதையான புள்ளைங்க. விரலு மரத்துப்போச்சான்னும் கேட்டுச்சு. அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, அவ பாட்டுக்கு வேலை செய்யறான்னேன்."

"என்ற விரலு மரத்திருக்கறது உங்களுக்கெப்படித் தெரியும்?" என்றாள் கோகிலாமணி.

"அதான் தெரியாதே. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டனா?"

பொல்லாத மனுஷனாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். ஆறு தடவையும் அவளுடைய ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றவர், மாதுளம்பழம் உரித்து உரித்து விரல் சிவந்தவர். பெண்டாட்டிக்காக அவர் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டாக்டர் படிவத்தைத் திறந்தார். அதில் நோயாளியின் எண் என்று ஒரு கட்டமே கிடையாது. 'கணவர் அல்லது காப்பாளர் எண்' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. தோழியைக் கட்டியவர்கள் ஜீன் வரைக்கும் தோண்டியவர்கள். ஒரு பொம்பளைக்குச் சொந்தமாகப் போன் இருக்கும் என்பது மட்டும் அவர்கள் அறிவுக்கு எட்டவில்லை.

"அப்ப அந்த நாப்பதாயிரம் பேருமுங்களா?" என்று கேட்டாள் கோகிலாமணி.

டாக்டர் திரையில் எதையோ தட்டினார். பிறகு வாய்விட்டே கேட்டார். "தோழி, பக்கவிளைவு பதிவுகள்ல எத்தனை பேர் தானே பேசியிருக்காங்க?"

தேன் தடவிய குரலில் தோழி சொன்னது: "குரல் ஆய்வின்படி, தொண்ணூற்று மூன்று சதவீதப் பதிவுகளில் பதிலளித்தவர் ஓர் ஆண். மீதமுள்ளவற்றில் நோயாளியே பதிலளித்துள்ளார். அவர்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள், பிரிந்தவர்கள், மணமாகாதவர்கள்."

"அவங்களுக்கு விரல் மரத்துப்போறது எவ்வளவு?"

"நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. இது பொதுப் பதிவுகளோடு பொருந்தவில்லை. ஆதரவற்ற நிலையால் வலியை மிகைப்படுத்துகிறார்கள் என்று கருதி, அப்பதிவுகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுள்ளன."

சம்பத்குமாருக்குப் பாதி புரியவில்லை. கோகிலாமணிக்கு முழுவதும் புரிந்தது. உண்மையைச் சொன்னவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று ஒதுக்கிவிட்டு, தெரியாமல் உளறியவர்களை வைத்து நாற்பதாயிரம் பேருக்கு மருந்து ஊற்றியிருக்கிறார்கள். பட்டறைக்கு மோட்டார் கொண்டுவருகிற அத்தனை பேரையும் கூட்டி உட்கார வைத்து, மோட்டார் எப்படி இருக்கிறது என்று கேட்டு, அதற்குச் சகி, தோழி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அவளுக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது.

"புருஷன் செத்தாத்தான் வலிக்குமாட்ட இருக்குதுங்க டாக்டரம்மா" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "நான் இந்த எண்ணைச் சொல்லி ரெண்டாயிரம் பேரைப் பத்து நாளுக்கு மாத்தியிருக்கேன்" என்றார் மெதுவாக.

"சரிங்க, அழுது என்ன பண்றது? எனக்கு இன்னும் ரெண்டு டோஸ் இருக்குதுங்க. அதுக்கு வழி சொல்லுங்க."

"பத்து நாள்ல போட்டா நோய் திரும்பறது நூத்துக்குப் பத்து. அது ஸ்கேன் எடுத்துப் பார்த்த கணக்கு, அதுல தப்பில்லை. கடைசி ரெண்டை மட்டும் இருபத்தோரு நாளுக்குத் தள்ளினா பதினொண்ணு ஆகும்."

"விரலு?"

டாக்டர் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். "தெரியலைம்மா. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது."

அந்தக் கட்டடத்தில் கோகிலாமணி கேட்ட முதல் உண்மை அதுதான்.

"ஏ புள்ள, உசிரு முக்கியமா விரலு முக்கியமா?" என்று குறுக்கிட்டார் சம்பத்குமார். "பத்து நாள்லயே போட்டிருங்க டாக்டர். வேலையை வேற ஆளு வச்சுப் பாத்துக்கறோமுங்க."

"சித்த வாயை மூடறீங்களா?" என்றாள் கோகிலாமணி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் வெளி ஆள் முன்னால் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒண்ணுதானுங்க கூடுது டாக்டரம்மா. அந்த நூறு பேர்ல அந்த ஒண்ணு நானா இருந்தா இருந்துட்டுப் போறேன். தடவிப் பாத்தாத் தெரியாத கையை வச்சுட்டு முப்பது வருஷம் உக்காந்திருக்க எனக்குத் தெம்பில்லீங்க. இருபத்தோரு நாளே வைங்க. அப்புறம் அந்தக் கட்டத்துல என்ற நம்பரைப் போடுங்க."

டாக்டர் போட்டார். வார்டில் இருந்த எட்டுப் பேருடைய எண்ணையும் ஸ்டெல்லா சிஸ்டர் அன்றைக்கே மாற்றினாள். டாக்டர் மேலே ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். மேலிடத்தில் வழக்கம்போல ஒரு குழு போட்டார்கள். குழுவில் ஆறு பேர், ஒரே ஒரு பெண். முதல் கூட்டத்தன்று அவர் விடுப்பு. பெண் உறுப்பினர் சார்பில் கூட்டத் தலைவரே கருத்துச் சொல்லிவிட்டதாகக் குறிப்பில் எழுதியிருந்தது.

ஏழாவது டோஸ் முடிந்து மூன்றாம் நாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டறையில் கோகிலாமணியின் போன் அடித்தது. தறிக்காரர் ஒருவரின் மோட்டார் மேஜையில் வாய் பிளந்து கிடந்தது. சம்பத்குமார் அவள் சொல்லச் சொல்லத் தகடு வைத்துக் கம்பி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த மூன்று வாரமாக அவர்தான் அளக்கிறார்.

"வணக்கம் கோகிலாமணி. நான் தோழி பேசுகிறேன். உங்கள் விரல்களில் மரத்துப்போதல் இருக்கிறதா?"

சம்பத்குமார் தகட்டைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார். முகத்தில் அப்படியொரு கவலை. நல்ல பதில் ஒன்று வரவேண்டுமே என்று குழந்தை மாதிரி காத்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் ஒண்ணும்..." என்று அவள் வாய் தானாகத் தொடங்கியது.

கோகிலாமணி சட்டென்று நிறுத்தினாள். அவளுக்கே அவள் மேல் அருவருப்பாக இருந்தது. நாற்பதாயிரம் புருஷன்மாரைத் திட்டித் தீர்த்தவள், தன் வாய்க்கு அதே பதில்தான் முதலில் வந்தது என்பதை எங்கே போய்ச் சொல்வது? போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, வெளிய போய் நில்லுங்க."

"நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலீங்க. போங்க."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, தோழிக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கொக்கி மாட்ட வராதது. சுடுதண்ணீர்ச் செம்பைப் பிடித்து, தோல் கொப்புளித்த பிறகுதான் சூடு என்று தெரிந்தது. ராத்திரி கால் விரலில் எறும்பு ஊர்வது. கம்பி தெரியாதது. கம்பியைப் பற்றி மட்டுமே ஐந்து நிமிஷம் சொன்னாள். பேசி முடித்தபோது இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. "நன்றி. உங்கள் பதில்கள் பதிவு செய்யப்பட்டன" என்றது தோழி. அழுதது பதிவானதா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

'உங்கள் பதிவில் திருமண நிலை: மணமானவர். தங்கள் பதில்கள் மணமான பெண்களின் வழக்கமான பதில்களோடு பொருந்தவில்லை. பதிவைச் சரிபார்க்க உதவவும். தங்கள் கணவர் உயிருடன் இருக்கிறாரா? ஆம் எனில் 1, இல்லை எனில் 2 அழுத்தவும்.'

"என்ன புள்ள, என்ன கேக்குது?" என்றபடி ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார் சம்பத்குமார்.

"நீங்க உசிரோட இருக்கறீங்களான்னு கேக்குது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு இது? நான்தான் கல்லாட்டம் இங்க நிக்கறனே! என்னையப் பத்தின விஷயத்தை என்னையக் கேக்காம உன்னையக் கேட்டா என்ன அர்த்தம்? எனக்கு வாயில்லையா?"

கோகிலாமணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சொன்னது அவர் காதிலேயே போய் விழட்டும் என்று காத்திருந்தாள். சம்பத்குமார் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார், கையிலிருந்த ஆட்டோச் சாவியைப் பார்த்தார். பிறகு போய்த் தறிக்காரர் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினாள். விரல் பட்டதா இல்லையா என்று தெரியவில்லை. திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.